இடுப்பில் ஏழரை கிலோ

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் கணக்கு முடிப்பு, அப்புறம் ஆடிட், அப்புறம் ஆடிட்டுக்கு பதில் எழுதுவது என்று... சரி, அதை விடுங்கள். இங்கே வாகட்டில் மழை ஆரம்பித்துவிட்டது. மழையோடு சேர்ந்து டோல் சத்தமும்.

புனேவில் இல்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். விநாயகர் சதுர்த்திக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ஊர் முழுக்க ஆற்றங்கரையிலும் காலி மைதானங்களிலும் டோல்-தாஷா பயிற்சி நடக்கும். இந்தக் குழுவுக்கு 'பதக்' என்று பெயர். ஐ.டி. பையன்கள், காலேஜ் பெண்கள், டாக்டர்கள், கடைக்காரர்கள் எல்லாம் ஒன்றாக நின்று அடிப்பார்கள். தாஷா சின்னது, கழுத்தில் தொங்கும், இரண்டு மெல்லிய குச்சி. டோல் பெரியது. இடுப்பில் இறுக்கிக் கட்டி, ஒரு பக்கம் உள்ளங்கை, மறுபக்கம் 'டிப்ரு' என்கிற குச்சி.

என் பெண் இரண்டு வருடமாக வாசிக்கிறாள். இந்த வருடம் நானும். (தங்கமணியின் ரியாக்‌ஷனை இங்கே எழுத முடியாது.) வயது 47, அதில் 24 வருடம் நாற்காலி. போன வருடம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கீழ் முதுகில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட். அப்புறம் ஏன் என்கிறீர்களா? எனக்கு டிரான்ஸ்ஃபர் வரும் வருடம் இது. அடுத்த கணபதிக்கு கௌஹாத்தியோ, கான்பூரோ. பெண்ணோடு ஒரே வரிசையில் நின்று அடிக்க இந்த ஒரு சீசன்தான்.

டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "முதலில் மூன்று மாதம் பிசியோவிடம் போங்க, பிறகு டோல்" என்றார். ஏப்ரலிலேயே ஆரம்பித்தேன்.

நான் என்ன நினைத்தேன் என்றால், டோலுக்குக் கை பலம் வேண்டும், டம்பெல் தூக்கச் சொல்வார்கள் என்று. பிசியோ பெண்மணி முதல் மாதம் கையைத் தொடவே இல்லை. "டோல் எங்கே இருக்கு காகா?" என்று கேட்டார். வயிற்றுக்கு முன்னால். பேப்பர்காரர் தராசில் போட்டுப் பார்த்தேன், ஏழரை கிலோ. அந்த எடை உடம்பை முன்னால் இழுக்கும். விழாமல் இருக்க நாம் தானாகவே பின்னால் சாய்வோம். சாய்ந்தால் இடுப்பு வளைந்து, பாரம் எல்லாம் கீழ் முதுகு மூட்டுகளில் இறங்கும். ஆட்டோவில் நிறைமாத கர்ப்பிணிகள் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்களே, அதே கணக்குதான். அதைத் தாங்க வேண்டியது வயிற்றுத் தசையும், பிட்டத் தசையும், தொடையும்.

ஆகவே பிளாங்க். முதல் நாள் 15 வினாடி. இப்போது ஒரு நிமிடம். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. முட்டி போட்டு எதிரெதிர் கை காலை நீட்டுவது. நம்ம ஊர் தோப்புக்கரணம் (பிள்ளையாருக்கே போடுகிற மாதிரிதான், ஆனால் முதுகு நேராக). அப்புறம் எனக்குப் பிடித்த ஒன்று: பத்து லிட்டர் தண்ணீர் கேனை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பது. செக்யூரிட்டிக்காரர் இரண்டு நாள் சந்தேகமாகப் பார்த்தார்.

மூச்சு விஷயம் தனி. பிளாண்டி என்று ஒரு அமெரிக்க ராக் குழு. அதன் டிரம்மர் கிளெம் பர்க், 2025-ல் காலமானார். இங்கிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் கச்சேரியில் வாசிக்கும்போது இதயத் துடிப்பை அளந்தார்கள். 2008-ல் வந்த செய்தி: சராசரி நிமிடத்துக்கு 140-150, உச்சத்தில் 190. கால்பந்து வீரர்களோடு ஒப்பிட்டார்கள். இத்தனைக்கும் அவர் உட்கார்ந்து வாசித்தவர்! இங்கே நின்று, குனிந்து, நிமிர்ந்து, ஊர்வலத்தோடு ஊர்ந்து. புனே விசர்ஜன் ஊர்வலம் 24 மணி நேரத்தைத் தாண்டுவது சகஜம். ஒவ்வொரு பதக்குக்கும் சில மணி நேரம் வரும், அதிலும் ஆள் மாற்றிக்கொள்வோம். அதனால்தான் வாரம் நான்கு நாள் ஆபீஸ் முடிந்து வேக நடை. பூம்கர் சௌக் டிராஃபிக்கில் கார்களை முந்திக்கொண்டு போகும் சுகமே தனி.

நம் தவில் வித்வான்களை நினைத்துக்கொள்கிறேன். கச்சேரியில் மடி, புறப்பாட்டில் தோளில் நாடா. சாமி நான்கு வீதி சுற்றி வரும் வரை நின்று நின்று வாசிப்பார்கள். சின்ன வயதில் கும்பகோணத்தில் வேடிக்கை பார்த்தபோது அவர்கள் முதுகைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்தவர் யார்? திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தற மேளம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். தோளில் செண்டையோடு அத்தனை நேரமும் நிற்கிறார்கள்.

கை கடைசியாகத்தான் வந்தது. டிப்ருவை இறுக்கிப் பிடித்தால் முழங்கையில் வலி பிடிக்கும். தோலில் பட்டு எழும்பும் குச்சியை எழும்ப விட வேண்டும். நாம் தூக்கக் கூடாது. இதைச் சொல்லிக் கொடுத்தது என் பெண். "அப்பா, ரப்பர் ஸ்டாம்ப் குத்தற மாதிரி குத்தாதீங்க."

காது பற்றிதான் பதக்கில் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். அமெரிக்க தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி. 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். 2024-ல் பசுமைத் தீர்ப்பாயம் ஒரு குழுவுக்கு 30 பேர்தான் என்று வரம்பு வைத்தது; அந்த செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஊர் கொண்டாடியது. நானும்தான். ஆனால் மருந்துக் கடையில் விற்கிற பஞ்சு போன்ற இயர் பிளக்கை எங்கள் வரிசையில் இப்போது ஆறு பேர் போடுகிறார்கள். முதலில் சிரித்தவர்கள்தான்.

கால் பக்கம் மரத்துப்போனாலோ, மின்சாரம் மாதிரி வலி இறங்கினாலோ அந்த நிமிடமே டோலைக் கழற்ற வேண்டும் என்பது டாக்டரோடு என் ஒப்பந்தம். இதுவரை மூன்று வாரப் பயிற்சி. நேற்று நாற்பது நிமிடம் கட்டியிருந்தேன். ராத்திரி வெந்நீர் ஒத்தடம் மட்டும்.

டிஸ்கி: மேலே சொன்ன பயிற்சிகள் என் முதுகைப் பார்த்துச் சொன்னவை. உங்கள் முதுகை உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

கொசுறு: ஞாயிறு காலை 7 மணிக்குப் பயிற்சி. வாகட், ஹிஞ்சவடி பக்கம் இருக்கும் நம்மவர்கள் வேடிக்கை பார்க்க வரலாம், பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ஒரு டோல் ஆள் இல்லாமல் கிடக்கிறது.