தொக்கமும் கோதுமையும்

ஜூலை 14

ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர் நான். வளரிளம் பெண்களைக் கூட்டி வைத்து இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிப் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். என் மகளுக்கு இன்று வந்த ரிப்போர்ட்டில் 7.8.

புதுக்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாசியிலிருந்து மாத்திரை விழுங்குகிறாள், ஏறவே இல்லை. சாப்பிட்ட அரை மணியில் வயிறு உப்பிக்கொள்கிறது. நாளைக்கு நாலைந்து தடவை போகிறது. வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு, வாளி வாளியாக ஊற்றினாலும் மிதக்கிறது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் டாக்டர்கள் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் எழுதி வைக்கிறேன். நாக்கைக் காட்டச் சொன்னேன். சொரசொரப்பே இல்லாமல் மழமழவென்று சிவந்து கிடக்கிறது. ரசம் பட்டாலே கண் கலங்குகிறாள்.

ஜூலை 18

மாமியார் முடிவே கட்டிவிட்டார். "பிள்ளைக்குத் தொக்கம் விழுந்திருக்கு தாயி. எடுத்தாத்தான் சரியாகும்." கூட்டிக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை, தடுத்திருந்தால் அந்தச் சண்டை பொங்கல் வரைக்கும் ஓடியிருக்கும். தொக்கம் எடுக்கிறவர் வயிற்றைத் தடவி, ஊதி, உள்ளே சிக்கியிருந்ததாக ஒரு துண்டு கறியை எடுத்துக் காட்டினாராம். குமட்டலுக்குப் பயந்து இவள் கறியை நிறுத்திப் பல மாதமாகிறது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் கேட்ட சிரிப்பு.

ராத்திரி அம்பாலாவிலிருந்து கொழுந்தனார் பேசினார். ராணுவத்தில் இருக்கிறார். "அண்ணி, இது கோதுமை வியாதி. செலியாக்னு பேரு. எங்க சுபேதார் பையனுக்கு அச்சு அசலா இதேதான். கோதுமையை நிறுத்திப் பாருங்க, பத்து நாள்ல தெரிஞ்சிரும்."

மாமியார் தொக்கம் என்கிறார், கொழுந்தனார் கோதுமை என்கிறார். இரண்டு பேருமே பிள்ளையின் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 1, திருச்சி

குடல் மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோதுமையை நிறுத்திட்டீங்களாம்மா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "நல்லது. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க. தினமும் கொஞ்சமாவது சாப்பிடணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பொறுமையாகச் சொன்னார். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் குளூட்டன் என்கிற புரதம் இருக்கிறது. செலியாக் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சாப்பாட்டை உறிஞ்சுகிற குடலுறிஞ்சிகள் மழுங்கிவிடும். இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் எதுவும் உள்ளே ஏறாது. ரத்தத்தில் டிடிஜி என்கிற எதிர்ப்பொருளைப் பார்த்துத்தான் சந்தேகத்தை உறுதிப்படுத்துவார்கள். கோதுமையை நிறுத்திவிட்டால் அந்த எதிர்ப்பொருள் மெல்ல மெல்லக் குறைந்துபோகும், குடலும் ஆற ஆரம்பிக்கும். அப்போது சோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரும். பிறகு உறுதி செய்ய வேண்டுமானால் வாரக்கணக்கில் மறுபடி கோதுமை தின்று, படாத பாடு பட வேண்டும். டிடிஜியோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் எழுதிக் கொடுத்தார். பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. குறைவாக இருப்பவர்களுக்கு டிடிஜி பொய் சொல்லுமாம்.

"நம்ம ஊர்ல இது வருமா டாக்டர்? நாங்க சோறு திங்கிறவங்க" என்று கேட்டேன்.

2016இல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று இடங்களில் 23,331 பேரைச் சோதித்திருக்கிறார்கள். வடக்கே நூற்றுக்கு ஒருவருக்கு செலியாக். தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர். நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்: வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம், நம் பக்கம் 36 பேரிடம். பெரிய வித்தியாசம் தட்டில்தான் இருக்கிறது. அவர்கள் ஒரு நாளைக்குத் தின்கிற கோதுமை 455 கிராம், நாம் 25 கிராம்.

அந்த 25 கிராம் இன்னும் எத்தனை நாளைக்கு 25ஆக இருக்கும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். சர்க்கரை வந்தவர்கள் வீட்டிலெல்லாம் ராத்திரி சப்பாத்தி. கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சாயந்திரமானால் பரோட்டா.

ஆகஸ்ட் 4

கோதுமை எதில்தான் இருக்கிறது என்று அடுப்படியைக் குடைந்தேன். ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், ரஸ்க் எல்லாம் தெரிந்ததுதான். தூக்கிவாரிப் போட்டது பெருங்காயம். கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அப்படியென்றால் செலியாக் உள்ளவர் நம் வீட்டில் ரசம்கூடக் குடிக்க முடியாது. உடம்பு சரியில்லாதவளைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் வாங்கி வந்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அதில் கோதுமையும் உண்டு, பார்லியும் உண்டு. அங்கன்வாடியில் நான் கொடுக்கிற சத்துமாவிலும் கோதுமை.

பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆலங்குடிக் கடைகளில் அந்த எழுத்தை இதுவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அரிசி, கேழ்வரகு, கம்பு, உளுந்து, கடலை எதிலும் குளூட்டன் கிடையாது. இந்த நோய்க்காரர்கள் வாழ நம் ஊர் நல்ல ஊர்தான், பரோட்டாக் கடை வாசலில் நிற்காத வரைக்கும்.

ஆகஸ்ட் 9

டிடிஜி இல்லை என்று வந்திருக்கிறது. ஐ.ஜி.ஏ. சரியாக இருக்கிறது, அதனால் இந்த 'இல்லை'யை நம்பலாம். கொழுந்தனாருக்கு மனசே இல்லை. "எதுக்கும் நிறுத்திப் பாருங்க அண்ணி." டாக்டர் வேறொன்றைக் கவனித்திருக்கிறார். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கின்றன. இரும்புச்சத்து மட்டும் குறைந்திருந்தால் சிறுத்துத்தான் போயிருக்குமாம். போலிக் அமிலமும் பி12ம் அதல பாதாளத்தில். எண்டோஸ்கோப்பி பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

படித்ததில் ஒன்றைக் குறித்துக்கொள்கிறேன். செலியாக் நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் அங்கே பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாட, செலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி விழுந்தார்கள். ஊகத்தோடு நிற்காமல் ஆராய்ந்து, 1950இல் ஆய்வேடாகக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 19

வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்துக் குழாயை இறக்கினார்கள். சில நிமிஷ வேலைதான், ஆனால் ஓங்கரித்து ஓங்கரித்து என் விரல்களை நெரித்துவிட்டாள். சிறுகுடலின் தொடக்கத்தில் பல இடங்களில் கிள்ளி எடுத்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் எடுத்தால் கெட்ட பகுதி தப்பிப்போகலாமாம். பார்மலின் ஊற்றிய குப்பியை என் கையில் கொடுத்து லேபில் சேர்க்கச் சொன்னார்கள். நொய்யரிசி மாதிரி வெள்ளைத் துணுக்குகள் அடியில் கிடந்தன. ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் குப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28

குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிட்டன, அழற்சி இருக்கிறது என்று ரிப்போர்ட். பார்த்ததும், கொழுந்தனார் சொன்னதுதான் சரியோ என்று பகீரென்றது. இல்லையென்று டாக்டர் தலையாட்டினார். குடல் இப்படி மழுங்கப் பல காரணங்கள் உண்டு. எதிர்ப்பொருள் இல்லை. மலத்தில் ஜியார்டியா இல்லை. ஸ்கேனில் குடல் காசநோய்க்கான அடையாளம் இல்லை. ஒவ்வொன்றாகக் கழித்தபின் மிஞ்சியது டிராபிகல் ஸ்ப்ரூ.

பெயர்தான் புதிது, நோய் நம் ஊருக்குப் பழையது. 1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களில் இது கொள்ளைநோயாகவே பரவியிருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்திருக்கிறார்கள். வயிற்றுப்போக்காகத் தொடங்கி, நிற்காமல், ஆளை உருக்கிவிடும். சிறுகுடலில் கிருமிகள் தங்கிவிடுவதால் வருகிறது என்று கருதுகிறார்கள். இன்ன கிருமி என்று இன்றுவரை முடிவாகவில்லை. முன்னளவுக்கு இப்போது இல்லை என்றாலும் ஒழிந்துவிடவில்லை.

மருந்து: போலிக் அமிலம், பி12 ஊசி, மாதக்கணக்கில் டாக்ஸிசைக்ளின். அந்த மாத்திரைக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. கோதுமைக்குத் தடை இல்லை.

அம்பாலா பேச்சைக் கேட்டு அன்றைக்கே சப்பாத்தியை நிறுத்தியிருந்தால் இந்த டிடிஜி 'இல்லை'யை யாராலும் நம்பியிருக்க முடியாது. ஆயுசுக்கும் பிஸ்கட்டைக் கண்டு பயந்துகொண்டிருப்பாள். நோயோ உள்ளேயே இருந்திருக்கும்.

அக்டோபர் 20

ஹீமோகுளோபின் 10.6. நாக்கு முதல் வாரத்திலேயே ஆறிவிட்டது. நேற்று தானாகவே மீன் குழம்பு கேட்டாள். தொக்கம் எடுத்ததால்தான் தேறினாள் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

இந்த மாதத் தாய்மார் கூட்டத்தில் நான் சொல்லப்போவதை இங்கேயே எழுதி வைக்கிறேன். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறாமல், வயிறும் நிற்காமல் ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் குடல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சோதனைகள் முடிந்து டாக்டர் சொல்கிறவரை சப்பாத்தியோ உப்புமாவோ வழக்கம்போலக் கொடுங்கள். டிடிஜி எழுதினால் மொத்த ஐ.ஜி.ஏ.வும் சேர்த்துப் பார்க்கலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மலம் எந்த நிறத்தில், எப்படிப் போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.