பாக்டீரியா செய்த வேலை எது?

இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் காவிக் கசடு படியும். அதற்கு நுண்ணுயிர் எதுவும் வேண்டாம், காற்று பட்டாலே போதும். கீரப்பாளையம் பக்கத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வரும் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். அதே தண்ணீரில் கந்தக அமிலம் விட்டு பிஎச் அளவை 2-க்கு இறக்குங்கள். காற்றின் பாச்சா பலிக்காது, கரைந்திருக்கும் பெர்ரஸ் இரும்பு மாதக்கணக்கில் கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும். நான் வளர்க்கும் உயிர்களுக்குப் பிழைப்பு அங்கேதான்.

1947-இல் கோல்மரும் ஹிங்கிலும் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத்தின் அமில நீரில் இரும்பை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாவைக் காட்டினார்கள். அந்த வகைக்கு 30 டிகிரி சூடு போதும். என் குடுவையில் இருப்பது சல்போபேசில்லஸ் என்ற பாக்டீரியா. 45 முதல் 50 டிகிரி வரை கேட்கும். பெர்ரஸ் சல்பேட்டோடு ஈஸ்ட் சாறும் ஒரு சிட்டிகை போட வேண்டும். மற்ற பாக்டீரியா போலக் குடுவை கலங்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். வெளிர் பச்சைக் கரைசல் மஞ்சளாகி, கட்டஞ்சாயா நிறத்துக்கு வரும்; கண்ணாடிச் சுவரில் ஜாரோசைட் என்ற இரும்புப் படிவு மஞ்சளாக ஒட்டும், தேய்த்தாலும் லேசில் போகாது. அந்தச் சூட்டில் நீர் வேறு வற்றும். தினமும் எடை போட்டு, குறைந்ததற்கு அமில நீர் விடாவிட்டால் இரும்புக் கணக்கே பொய்யாகிவிடும்.

தட்டில் வளர்ப்பது இன்னும் வம்பு. அமிலத்தில் அகர் சிதைந்து சர்க்கரைகளை விடும். இரும்பைத் தின்று வாழ்பவை பலவற்றுக்கு அது நஞ்சு. வேல்ஸ் நாட்டு பாங்கர் பல்கலைக்கழகத்தின் பேரி ஜான்சன் இதற்கு வழி கண்டார்: அடி அடுக்கில் அசிடிபிலியம் என்ற பாக்டீரியாவைக் கலந்துவிட வேண்டும், அது சர்க்கரையைத் தின்று தீர்க்கும். இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இதுதான்.

இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கல்லை பாக்டீரியா கடித்துத் தின்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கல்லை அரிப்பது பெரும்பாலும் ஆக்சிஜனேறிய பெர்ரிக் இரும்பு. அரித்து முடித்துப் பெர்ரஸாகி வரும் இரும்பைத் திரும்பப் பெர்ரிக் ஆக்குவது பாக்டீரியா. இந்தச் சுழற்சி நிற்காததால்தான் பைரைட்டுக்குள் தங்கம் சிக்கிக் கிடக்கும் தாதுவும் வசப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் பேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல் இது தொழிலாகவே நடக்கிறது. அங்கே தொட்டிகள் 40 டிகிரி அளவில் ஓடும்; வினையே சூட்டைக் கக்குவதால் குளிரூட்டச் செலவு. சூடு தாங்கும் இனங்கள் மேல் ஆலைக்காரர்களுக்கு ஆசை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் பக்கத்தில் தேடுவதானால் நெய்வேலியை நினைப்பேன். பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறிப் புகையும். அதற்குள் இருக்கும் பைரைட்டுக்கும் அதில் பங்குண்டு. சல்போபேசில்லஸ் இனம் ஒன்று இங்கிலாந்தின் நிலக்கரிக் கழிவுக் குவியலில் கிடைத்திருக்கிறது. நெய்வேலி மாதிரி கையில் கிடைத்தால் ஒன்று செய்யுங்கள்: பாக்டீரியா விடாத, கிருமி நீக்கிய குடுவை ஒன்றையும் அதே 50 டிகிரியில் பக்கத்திலேயே சுழல விடுங்கள். சூடு ஏற ஏற இரும்பு தானாகவும் கொஞ்சம் மாறும். அந்த இரண்டாவது குடுவையின் கணக்கைக் கழிக்காமல் பாக்டீரியா பெயரில் எதையும் எழுதாதீர்கள்.