ஆர்ஓ குழாயின் மறுமுனை

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரி ஹாரன் கேட்டால் குடத்தோடு ஓடினோம். மழை வந்ததும் எல்லாம் மறந்துபோச்சு.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயை சிங்க்கில் விடாமல் பக்கெட்டில் போட்டோம். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும் என்று காதால் கேட்பது வேறு, சமையல் முடிவதற்குள் பக்கெட் வழிவதைப் பார்ப்பது வேறு. எங்கள் போர் தண்ணீரே உப்பு. பக்கெட்டில் சேரும் கழிவுநீர் அதைவிட உப்பு. செடிக்கு ஊற்றினால் இலை நுனி கருகும். வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு ஊற்ற அருமை. கறிவேப்பிலைக்கு அரிசி களைந்த தண்ணிதான். அது அம்மாவின் ஏகபோகம், நாங்கள் தொடக்கூடாது.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றச் சொல்லும் வாட்ஸ்அப் மாமாக்களை மட்டும் நம்பாதீர்கள். காயிலின் தூசும் உலோகமும் அதில் கலந்திருக்கும். தரை கழுவ எடுத்துக்கொள்ளலாம்.

மோட்டார் போட்டுவிட்டு, டேங்க் வழிவது தெரியாமல் சீரியலில் மூழ்கிவிடும் மாடிவீட்டுக்காரருக்கு டேங்க் அலாரம் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சில நூறு ரூபாய்தான். எலக்ட்ரீஷியன் வரணுமாம், இன்னும் மாட்டவில்லை.