நாட்றம்பள்ளியில் இறங்கி ஒரு ரேம் டூர்!

சென்னை - பெங்களூரு ஹைவேயில் பகல் பஸ் ஏறியிருக்கீங்களா பாஸ்? ஆம்பூரில் பிரியாணி வாசனை. வாணியம்பாடியில் தோல் வாசனை. அப்புறம் இடது பக்கம் ஏலகிரி மலை கொஞ்ச தூரம் கூடவே வரும். பர்கூருக்கு முன்னால், கண்ணசந்தால் கடந்து போயிடற ஒரு ஊர். அதுதான் நாட்றம்பள்ளி. சின்ன ஊர்னு நினைச்சுடாதீங்க, திருப்பத்தூர் மாவட்டத்தின் நாலு தாலுகாக்களில் ஒண்ணு!

இங்கே இறங்குங்க. எதுக்கா? கம்ப்யூட்டர் மெமரி பத்திப் பேசத்தான். சிரிக்காதீங்க... ஒரு பக்கம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், இன்னொரு பக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு. ரெண்டு பெரிய ரேம் சந்தைகளுக்கும் நடுவில் நிக்கறீங்க.

சுத்தி இருக்கிறது ஷூ தைக்கிற பூமி. இங்கே ஒரே காலுக்கு ரெண்டு நம்பர். இங்கிலாந்து ஆர்டரில் 8-ன்னா, ஐரோப்பா ஆர்டரில் ஏறக்குறைய 42. இங்கிலாந்து நம்பர் ஒண்ணு ஏறினா நீளம் மூணுல ஒரு இஞ்ச் கூடும். ஐரோப்பிய நம்பர் ஏறினா மூணுல ரெண்டு பங்கு சென்டிமீட்டர். ரெண்டும் ஒண்ணையொண்ணு ஜெயிக்காமலேயே காலங்காலமா ஓடிக்கிட்டிருக்கு. எந்த நம்பர் போட்டாலும் கால் உள்ளே போகும்.

மெமரியில் அந்தச் சொகுசு கிடையாது. டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்கும் டெஸ்க்டாப்பில் 288 பின்தான். ஆனா நடுவில் இருக்கிற வெட்டு வேற இடத்தில். உள்ளேயே போகாது! தப்பான பக்கம் நின்னவன் காசு காலி.

அப்படி நிறைய பேர் நின்னாங்க. 1999, 2000-த்தில் இன்டெல் கம்பெனி, ராம்பஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆர்டிரேம் மெமரிதான் எதிர்காலம்னு சத்தியம் பண்ணாத குறை. முதல் பென்டியம் 4 வந்ததே அதோடுதான். வேகம் பிரமாதம். ஆனா விலை? அய்யோ! ஸ்லாட் காலியா இருந்தாக்கூட அதில் ஒரு டம்மி அட்டையைச் செருகணும், இல்லேன்னா மெஷின் எழுந்திருக்காது. அதைவிடப் பெரிய தலைவலி, யார் தயாரிச்சாலும் ராம்பஸுக்கு ராயல்டி கட்டணும். வாணியம்பாடி டோல்கேட் மாதிரினு வைங்க. அந்தப் பக்கம் ஜெடெக் என்ற அமைப்பில் எல்லா கம்பெனியும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணின டிடிஆர். பல ஃபேக்டரிகள் போட்டி போட்டுத் தயாரிச்சதால் மலிவு. 2002-க்குள் இன்டெல்லே டிடிஆர் பக்கம் வந்துடுச்சு. 'டிடிஆரிலும் எங்க பேட்டன்ட் இருக்கு'னு ராம்பஸ் வருஷக்கணக்கா கோர்ட் ஏறினது தனி சீரியல். அதே ராம்பஸ் இன்னிக்கு டிடிஆர்5 அட்டைகளுக்கு சிப் விக்குது. என்ன சொல்றது!

2015-ல் இன்டெல்லும் மைக்ரானும் சேர்ந்து '3டி எக்ஸ்பாயின்ட்'னு இன்னொண்ணு கொண்டு வந்தாங்க. கரன்ட் போனாலும் மறக்காத மெமரி. 2022-ல் இன்டெல் மூட்டை கட்டிடுச்சு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நல்ல சரக்கு அது.

இப்போ ராஜா யார்னா, ஹெச்பிஎம். மெமரி சிப்புகளை மாடி மேல் மாடியா அடுக்கி, ஏ.ஐ. சிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைக்கிற டெக்னிக். 2013-லேயே ஜெடெக் ஸ்டாண்டர்ட் ஆயிடுச்சு. எதிரே மைக்ரான் நிறுத்தின ஹைப்ரிட் மெமரி க்யூப் 2018-ல் அவுட். ஹெச்பிஎம்மில் பெரிய கைகள் மூணே பேர்: எஸ்கே ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான். அதே மூணு பேர்தான் நம்ம லேப்டாப் ரேமுக்கும் பெரிய கைகள். இங்கேதான் நம்ம பாக்கெட் கிழியுது. ஒரு ஜிபி ஹெச்பிஎம் செய்ய, டிடிஆர்5-ஐப் போல சுமார் மூணு மடங்கு சிலிக்கான் போகுதுனு மைக்ரானே சொல்லியிருக்கு. தோல் ஒண்ணுதான், ஏற்றுமதி ஷூவுக்கு அதிகமா வெட்டிட்டா உள்ளூர் செருப்புக்கு என்ன மிஞ்சும்? 2025 கடைசியில் ரேம் விலை எகிறினது இதனாலதான். அந்த டிசம்பரில், மைக்ரான் தன் 'க்ரூஷியல்' பிராண்டில் நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு ரேம் விக்கிறதையே நிறுத்தப்போறதா அறிவிச்சது.

இதனால் நாட்றம்பள்ளியில் லேப்டாப் வாங்கப் போறவருக்கு என்ன? நிறைய! ஒல்லி லேப்டாப்புகளில் ரேமை போர்டிலேயே சால்டர் பண்ணிடறாங்க. 8 ஜிபின்னா ஆயுசுக்கும் 8 ஜிபி. ரேம் விலை இறங்கற வரைக்கும் காத்திருந்து அப்புறம் போடலாம்கிற வழியே அடைபட்டுடும். இதுக்கு மாற்றா 2023 டிசம்பரில் ஜெடெக் 'கேம்2'னு ஒரு ஸ்டாண்டர்ட் வெளியிட்டிருக்கு. ஸ்க்ரூ போட்டு மாட்டற தட்டையான அட்டை. ஒல்லியாவும் இருக்கும், கழட்டவும் முடியும். ஐடியா சூப்பர். ஆனா ராம்பஸ் கதையைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், நாலு ஃபேக்டரி மலிவா செய்ய ஆரம்பிச்சாதான் அது நம்ம கைக்கு வரும். அதுவரைக்கும் பழைய எஸ்ஓடிம் ஸ்லாட் இருக்கிற மெஷின்தான் என் சாய்ஸ், கொஞ்சம் குண்டா இருந்தாலும்.

கடையில் டெமோ லேப்டாப் தந்தா, டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் மெமரியை க்ளிக் பண்ணுங்க. 'ஃபார்ம் ஃபேக்டர்'னு ஒரு வரி இருக்கும். அங்கே 'எஸ்ஓடிம்'னு போட்டிருந்தா கழட்டி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்'னு போட்டிருந்தா சால்டர் பண்ணின கேஸ். அப்போ இன்னொரு ஸ்லாட் இருக்கானு கேளுங்க. இல்லேன்னு சொன்னா வாணியம்பாடிக்கு அடுத்த பஸ் எப்போனு விசாரிங்க, அங்கேயும் கடைகள் இருக்கு.