தானியம் போன வழி

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஆம்ஸ்டர்டாம் சந்தைக்கு வந்த தானியத்தில் நிறையப் போலந்து மண்ணில் விளைந்தது. வசந்தத்தில் நீர் பெருகும்போது விஸ்துலா ஆற்றில் படகேறும். கதான்ஸ்க் துறைமுகத்தில் டச்சுக் கப்பலுக்கு மாறும். இன்று அந்த ஆற்றங்கரை ஊர்களில் நாம் அண்ணாந்து பார்க்கும் கட்டடங்களில் பல அந்தக் காசில் எழுந்தவை. அந்த விளைச்சலுக்குப் பின்னால் பிரபுக்களின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த பண்ணையடிமைகள் இருந்தார்கள். வழிகாட்டிப் பலகைகளில் அவர்களுக்கு அவ்வளவாக இடமில்லை.

ஆற்றின் நீளம் 1,047 கிலோமீட்டர். தெற்கே பெஸ்கிட் மலையில், பரானியா கூரா சிகரத்தின் சரிவில், கறுப்பு, வெள்ளை என்று பெயர் கொண்ட இரண்டு ஓடைகள் சேர்ந்து உருவாகிறது. முதல் பெரிய நகரம் கிராக்கோவ். வாவெல் குன்றின் மேல் அரண்மனை. அடிவாரத்தில் அவ்வப்போது நெருப்பு கக்கும் உலோக டிராகன். கூட்டம் டிராகனுக்குத்தான். இந்த ஊர்ச் செம்பு வியாபாரி ஒருவர் 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் வடக்கே டோருனுக்குக் குடிபெயர்ந்தார். அவரைப் பற்றிப் பிறகு.

சான்டோமியேஜ் மேட்டைத் தாண்டினால் காசிமியேஜ் டோல்னி. சின்ன ஊர். சந்தைச் சதுக்கத்தில் பிஷிபிவா சகோதரர்கள் 1615-இல் கட்டிய இரட்டை வீடுகள் நிற்கின்றன. ஒன்றின் முகப்பில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆறு கடக்கும் புனித கிறிஸ்டோபர், பெரிய உருவமாக. சுவரில் வெறுமையாக விட்ட இடமே இல்லை. பணம் வந்த வேகம் அப்படி! ஆற்றோரம் பழைய தானியக் கிடங்குகள் சில மிஞ்சியுள்ளன. 1591-இல் கட்டிய ஒன்று இப்போது இயற்கை அருங்காட்சியகம். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்வீடன் படையெடுப்பு வந்தது, வணிகம் படுத்தது. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. ஊர் பிழைத்ததே அதனால்தான்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்த ஊரில் பாதிப்பேர் யூதர்கள். நாஜிகள் அவர்களைக் கொன்றதோடு, கல்லறைக் கற்களைப் பெயர்த்துத் தரைக்குப் பாவினார்கள். மீட்ட கற்களைக் கொண்டு ஊருக்கு வெளியே செர்னியாவாவில் ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவரின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. சேவல் வடிவ ரொட்டி வாங்கிக்கொண்டு சதுக்கத்திலிருந்தே திரும்பிவிடுபவர்கள் இதைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

வார்சாவை ஒரே வரியில் கடக்கிறேன்: 1944-இல் தரைமட்டமான பழைய நகரத்தை, பெல்லோட்டோ என்ற 18-ஆம் நூற்றாண்டு ஓவியரின் படங்களையும் துணைக்கு வைத்து மறுபடி கட்டினார்கள். அதற்கும் கீழே வுவோட்ஸ்வாவெக் அணை. 1984 அக்டோபரில் கம்யூனிஸ்ட் அரசின் ரகசியப் போலீசார் கொன்ற பாதிரியார் போப்பியெவுஷ்கோவின் உடலை இந்த நீரில்தான் வீசினார்கள்.

அடுத்து டோருன். போரில் அதிகம் சேதப்படாத ஊர். 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. செங்கல் மதில், செங்கல் தேவாலயம், செங்கல் நகரமண்டபம். தெருக்கள் சரிந்து மதில்வாசல்கள் வழியே நேரே துறைக்கு இறங்குகின்றன. டியூட்டானிக் என்னும் ஜெர்மானியத் துறவற வீரர்கள் கட்டிய கோட்டையை 1454-இல் ஊர்மக்களே பொங்கியெழுந்து இடித்துத் தள்ளினார்கள். உருப்படியாக மிஞ்சியது வீரர்களின் கழிப்பறைக் கோபுரம்! அதையும் சீட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

சாய்ந்த கோபுரம் மதிலின் ஒரு பகுதி. உச்சி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் விலகி நிற்கிறது. குதிகால், முதுகு இரண்டும் சுவரில் ஒட்ட நின்று கைகளை முன்னே நீட்ட வேண்டும். விழாதவர் பாவமற்றவர் என்பது ஊர் வழக்கு. சாய்ந்த சுவர் முதுகைத் தள்ளும். பெரும்பாலும் எல்லோரும் பாவிகளே.

அந்தச் செம்பு வியாபாரிக்கு 1473-இல் இங்கே பிறந்த மகன்தான் கோப்பர்நிகஸ். படிக்கப் போனது ஆற்றின் மேலே கிராக்கோவுக்கு; வேலை பார்த்து 1543-இல் இறந்தது விஸ்துலா காயலோரம் ஃபிராம்போர்க்கில். பூமியைச் சுழல வைத்தவரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த ஆற்றோடு போய்விட்டது.

டோருனின் இன்னொரு புகழ் பியெர்னிக் என்னும் இஞ்சி ரொட்டி. மாவும் தேனும் உள்ளூர். மிளகும் இஞ்சியும் கிராம்பும் கடல் கடந்து கதான்ஸ்க் வழியாக ஆற்றில் ஏறி வந்தவை. மலபார் மிளகுக்கு இங்கேயும் ஒரு வாடிக்கை இருந்திருக்கிறது. செதுக்கிய மர அச்சில் மாவை அழுத்தி எடுக்கும்போது அரசர், கோச்சு வண்டி, இதயம் என்று வடிவம் விழும். அச்சு ரொட்டி அழகுக்கு. கடித்தால் பல் போகும். தின்பதற்கென்று மெத்தென்ற வகை தனியாக உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கீழே கிருட்ஜியோன்ஸில் கிடங்குகளே மதிலாகி ஆற்றைப் பார்த்து நிற்கின்றன. பிறகு ட்செவ், அதன் 1857-ஆம் ஆண்டுப் பாலத்தை 1939 செப்டம்பர் 1 அன்று, ஜெர்மானியர் கைக்குப் போகாமலிருக்கப் போலந்துப் படையே தகர்த்தது. ட்செவைத் தாண்டியபின் ஆறு முன்போல் கதான்ஸ்க் பக்கம் திரும்புவதில்லை. வெள்ளத்துக்கு அஞ்சி 1895-இல் மணல்மேட்டை வெட்டி நேராகக் கடலில் விட்டார்கள். அந்தப் புது முகத்துவாரத்தின் மணல்திட்டுகளில் இப்போது சீல்கள் படுத்திருக்கின்றன.

கிராக்கோவும் வார்சாவும் பார்த்தவுடன் விமானமேறிவிடாதீர்கள். வார்சாவிலிருந்து டோருனுக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்தான். பிரதான ரயில் நிலையம் இருப்பது எதிர்க்கரையில். இறங்கியதும் பேருந்து தேடாமல் ஆற்றோரம் நடந்து போய், ஊர் முழுவதையும் அங்கிருந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பாலம் ஏறுங்கள்.