சுமப்பது தோளா, கையா?

முதுகின்மேல் இரும்புத் தண்டை ஏற்றிக்கொண்டு அமர்ந்தெழும் பயிற்சியைக் குறித்துப் பேசுவோர், தொடையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். அத்தண்டைக் கைகளால் எங்ஙனம் பற்றுவது என்பதையோ ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவர். இளைஞர்க்கு அவ்வளவு போதும். ஐம்பது வயதைக் கடந்தபின் இதனை மேற்கொண்ட நம்மைப் போன்றோர்க்குக் கால்கள் இடந்தந்தாலும், தோளும் மணிக்கட்டும் இடந்தருவதில்லை.

நாம் இதில் இறங்கியதற்குக் காரணமுண்டு. நம் அன்னையார் தம் இறுதி ஆண்டுகளில் நாற்காலியை விட்டெழுவதற்கும் பிறர் கையை எதிர்பார்த்திருந்தார். அந்நிலை நம்மை அணுகுவதைக் கூடியமட்டும் தள்ளிவைக்க விரும்பினோம். பழைய கோதாக்களில் எடுத்த பஸ்கிக்கு இப்பயிற்சி நெருங்கிய உறவுதான். பளு ஒன்றே அதிகம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதன் சூட்சுமத்தை விளக்குவது எளிது. பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டிச் சுமந்தோரை நினைத்துப் பாருங்கள். பளு முழுவதும் தோளின்மேல். கையோ கம்பின்மீது படிந்து, அது ஆடாமலும் நழுவாமலும் காத்து நிற்கும். கையே சுமப்பதென்றிருந்தால் ஒருவரும் கொட்டகை வரை போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

இரும்புத் தண்டுக்கும் இதுவே விதி. அதனைக் கழுத்தெலும்பின்மீது ஒருபோதும் வைத்தலாகாது. அவ்வெலும்புக்குக் கீழே, தோள்களை இறுக்கினால் திரளும் சதையின்மேல் வைக்கலாம்; அல்லது இன்னுஞ் சற்றிறக்கித் தோட்பட்டை எலும்பின் மேட்டுக்குக் கீழே வைக்கலாம். எவ்வளவு கீழே இறக்குகிறோமோ, அவ்வளவுக்கு மேற்கை பின்னோக்கித் திரும்ப வேண்டும். தோள் திரும்ப மறுத்தால் அந்த இழுப்பு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் போய்ச் சேரும். மணிக்கட்டு பின்புறம் மடிந்திருக்குமாயின், கை தண்டின் கீழே புகுந்து சுமக்கத் தொடங்கிவிட்டது என்று அறிக.

நாம் செல்லும் பயிற்சி நிலையத்தின் ஆசிரியர் ஒருவர், கைகளை நெருக்கியே பிடிக்கவேண்டுமென்று எல்லோரையும் வற்புறுத்துவார். நெருக்கிப் பிடித்தால் முதுகுச் சதை திரண்டு தண்டுக்கு நல்ல மேடை அமையும் என்பது மெய்யே. ஆனால் முப்பதாண்டு மேசைமுன் குனிந்து கணக்கெழுதிய தோளை அது படுத்தும் பாட்டை அவர் எங்ஙனம் அறிவார்? உலக வலுதூக்கும் போட்டியின் விதிகளே, இருபுறத்துத் தடைவளையங்களுக்குள் எவ்விடத்தும் பிடிக்கலாம் என்று இடந்தருகின்றன!

நாம் கண்ட வழி இது. வெறுந்தண்டை மட்டும் ஏற்றிக்கொண்டு, மணிக்கட்டு நிமிர்ந்து முன்கையோடு ஒரே கோடாகும்வரை கைகளை ஒவ்வொரு விரலகலமாக அகற்றிச் சென்றோம். தண்டு வழுக்காதிருக்க அரம்போல் கீறப்பட்ட பகுதியில் இருபுறமும் வளையக்கோடு உண்டு. அக்கோட்டிலிருந்து இரு கைகளும் ஒரே தொலைவில் இருத்தல் வேண்டும். இல்லையேல் தண்டு ஒருபக்கம் சாயும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிப்பாருமுளர். மற்ற விரல்களோடு மேலே சேர்த்து வைப்பாருமுளர். நமக்குப் பின்னதே மணிக்கட்டை மடிய விடாமல் காத்தது. மிக அகற்றிப் பிடிப்போர், தண்டைத் திரும்பத் தாங்கியில் வைக்கும்போது விரல்கள் இடையில் நசுங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பளுதூக்கும் போட்டியில் ஆடவர் தண்டு 20 கிலோ எடையும் 28 மில்லிமீட்டர் கனமும் உடையது. பெண்டிர்க்குரியது 15 கிலோ, 25 மில்லிமீட்டர். சிறிய கையுடைய ஆடவரும் இரண்டாவதை எடுத்துப் பார்க்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு செய்தும் தோள் வலிப்பவர்க்கு வேறொரு தண்டு உண்டு. கழுத்தைச் சுற்றி மெத்தை வைத்து, முன்புறம் நீண்ட இரு கைப்பிடிகளோடு அமைந்தது அது. கைகளைப் பின்னே திருப்ப வேண்டுவதேயில்லை. நம் நிலையத்தில் அது ஒரு மூலையில் கிடக்கிறது. பலர் அதன்மேல் துவாலையை உலர்த்துகின்றனர்.