ஒரே பேரில் ரெண்டு பேர்

எங்க ஆச்சிக்கு என்ன வயசு? இந்தக் கேள்விக்கு வீட்டில் மூணு பதில். ஆதார் அட்டையில் பிறந்த வருஷம் 1945 (பள்ளிக்கூடத்தில் வாத்தியார் குத்துமதிப்பாப் போட்டது). ஆச்சி சொல்றது 1943. பங்குக் கோயிலில் அப்பா வாங்கி வந்த ஞானஸ்நானச் சான்றிதழில் 1940! அன்னையிலிருந்து ஆச்சி வயசைக் குறைச்சுச் சொல்றாங்கன்னு எல்லாரும் கேலி. "எம் வயசு எனக்குத் தெரியாதா, போல"ன்னு ஆச்சி எரிஞ்சு விழுவாங்க.

போன கோடை லீவில், பங்குச் சாமியார்கிட்ட அனுமதி கேட்டு நானே பதிவேட்டைப் பார்த்தேன். 1940 பதிவில் ஆச்சி பேர், அப்பா பேர், அம்மா பேர் எல்லாம் சரி. ஆனா ஓரம் காலியா இருந்துச்சு. கத்தோலிக்கக் கோயில்களில் ஒருத்தருக்குக் கல்யாணம் ஆனா, அவரோட ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்கணும். ஆச்சி கல்யாணம் நடந்ததே இதே கோயிலில். அப்போ குறிப்பு எங்கே?

பக்கங்களைப் புரட்டினேன். 1943-ல் மறுபடி அதே பேர், அதே பெற்றோர். ஓரத்தில் கல்யாணத் தேதி. பி.காம் புத்தி சும்மா இருக்குமா, ஒரு பக்கம் பற்று இருந்தா இன்னொரு பக்கம் வரவு இருக்கணுமே? அடக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். 1941-ல் இருந்துச்சு. அதே பேர், வயசு ஒண்ணேகால்.

இறந்த பிள்ளையின் பேரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்தில் பல ஊர்ப் பழக்கம். பீத்தோவனுக்கும் இதே குழப்பம் உண்டு. 1769-ல் பிறந்து ஆறே நாளில் இறந்த அண்ணன் பேர் லுட்விக் மரியா. 1810-ல் தன் சான்றிதழை எடுத்துத் தரச் சொல்லி நண்பருக்கு எழுதினப்ப, அண்ணனோடது வந்துடப் போகுது, கவனம்னு எச்சரிச்சார். வந்ததோ 1770-ன்னு சரியாத்தான் வந்துச்சு. மனுஷன் நம்பலை!

ஆச்சி நம்பினாங்க. அவங்கதான் வீட்டுக்கு மூத்தவங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சிருந்தாங்க. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "எங்க வச்சிருக்காவ அந்தப் பிள்ளைய?"ன்னு கேட்டாங்க.

பதிவேட்டில் இடம் குறிக்கலை. கல்லறைத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் புதைத்த மூலையில் கல் எதுவும் கிடையாது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குக் கூட்டிட்டுப் போனேன். தாத்தா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏத்திட்டு, மீதியிருந்த ஒண்ணை எடுத்துக்கிட்டு அந்த மூலைக்கு நடந்தாங்க. காத்தில் ரெண்டு தரம் அணைஞ்சுது. மூணாவது தரம் நான் கையை வச்சு மறைச்சுக்கிட்டேன்.